மாத்திரை டப்பாவின் சத்தம்: உலக எச்.ஐ.வி. மாநாடுகளும் ஊத்துக்கோட்டைச் சாலையும்

திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்கிக்கொண்டு ஊத்துக்கோட்டைக்குப் பஸ் பிடிக்கும் சிலர், ஏறுவதற்கு முன் ஒரு காரியம் செய்கிறார்கள். முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, மேலாகக் கொஞ்சம் பஞ்சு வைத்து அழுத்தி மூடுகிறார்கள். வழியில் வண்டி குலுங்கி மாத்திரை சலசலத்தால் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார்: “இன்னா மாத்திரை அது?” டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுபவர்களும் உண்டு. சுமார் 30 கிலோமீட்டர் தூரம். ஊரில் இறங்கும்போது அது சத்து மாத்திரை ஆகியிருக்கும்.

அப்படிப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டில் எச்.ஐ.வி.க்கென்றே பெரிய மாநாடு கூடுகிறது, மருந்து சாப்பிடுகிறவர்களும் அங்கே மேடையேறிப் பேசுகிறார்கள் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்க போய்ச் சொன்னா மாசாமாசம் வராம மூணு மாசத்துக்குச் சேர்த்துக் குடுப்பாங்களா சார்? ஒவ்வொரு வாட்டியும் ஒரு நாள் கூலி போவுது” என்றார்.

உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரேமுறையில் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. அதைப் பற்றி மாநாடுகளில் தனி அமர்வுகளே நடக்கின்றன. கொரோனா ஊரடங்கின்போது இந்தியாவிலும் பல மாத மருந்து ஒன்றாகத் தரப்பட்டது. அந்தப் பெண் கேட்டது, ஆங்கிலத்தில் நீண்ட பெயர் சூட்டி அறிஞர்கள் விவாதிக்கும் அதே கேள்வி. அவருடைய கேள்வி அங்கே போகவும் அங்கே கிடைத்த விடை அவரிடம் வரவும் வழி இருக்கிறதா? இந்தக் கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது. உலக எச்.ஐ.வி. மாநாடுகளில் சமவாய்ப்பு என்றதும் விசாவும் நுழைவுக் கட்டணமும் பேசப்படுகின்றன. அவை உண்மையான தடைகள்தாம். ஆனால் அவை கடைசி வாசலில் நிற்கும் தடைகள். அதற்கு முந்தைய வாசல்களையும், போனவர் திரும்பி வரும் பாதையையும் சேர்த்துப் பார்க்காதவரை ‘பங்கேற்பு’ என்ற சொல் பாதிதான் பொருள் தரும் என்பது என் வாதம்.

எல்லைக் கோட்டில் நின்ற உடல்கள்

பங்கேற்பு யாரும் மனமுவந்து கொடுத்ததில்லை. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் கூடி, எங்களை ‘பலியானவர்கள்’ என்று அழைக்காதீர்கள், எங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். முதல் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு 1985-இல் அட்லாண்டாவில் கூடியபோது அது மருத்துவர்களின் கூட்டமாகவே இருந்தது. 1989-இல் மான்ட்ரியலில் கனடா, அமெரிக்க ஆர்வலர்கள் தொடக்க விழா மேடையைக் கைப்பற்றினார்கள். டிம் மெக்காஸ்கெல் ஒலிவாங்கியைப் பிடித்து, எய்ட்ஸோடு வாழ்பவர்களின் சார்பில் மாநாட்டைத் தொடங்கிவைப்பதாக அறிவித்தார். முறையான தொடக்க உரை அதற்குப் பிறகுதான் நடந்தது. இன்று தொடக்க விழாவில் தொற்றுடன் வாழும் ஒருவர் பேசுவது சடங்காகிவிட்டதென்றால், அந்தச் சடங்கின் வேர் அந்த அத்துமீறலில் இருக்கிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஹான்ஸ் பால் வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சுகாதார மாநாட்டுக்குப் போகும் வழியில் மின்னியாபொலிஸ் விமான நிலையத்தில் பிடிபட்டார். பெட்டியில் ஏ.இசட்.டி. மருந்து இருந்தது. அதை வைத்து அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்துச் சிறையில் வைத்தார்கள். தொற்று உள்ள வெளிநாட்டவர் நுழைய அன்று அமெரிக்காவில் தடை. இந்தத் தடையை எதிர்த்துப் பல அமைப்புகள் 1990 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டைப் புறக்கணித்தன. 1992-இல் பாஸ்டனில் நடக்கவிருந்த மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. தடை விலகியது 2010 ஜனவரியில். மருந்து டப்பாவை மறைக்க வேண்டிய நிலை ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே வெர்ஹூஃபை இங்கே நினைவூட்டுகிறேன்.

தடை விலகியபின் 2012-இல் மாநாடு வாஷிங்டனுக்குத் திரும்பியது. தொற்று உள்ளவர்கள் நுழையலாம். ஆனால் கடந்த பத்தாண்டுக்குள் பாலியல் தொழிலில் ஈடுபட்டவர்கள் நுழைய முடியாது என்ற விதி அப்படியே இருந்தது. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள் யாரை நம்பி நடக்கின்றனவோ அவர்களுக்கே கதவு அடைப்பு. பாலியல் தொழிலாளர்களின் உலக வலையமைப்பும் கொல்கத்தாவின் தர்பார் மகிளா சமன்வய கமிட்டியும் சேர்ந்து அதே ஜூலையில் கொல்கத்தாவில் தங்கள் விழாவை நடத்தினார்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். என் கணிப்பில், உலக எச்.ஐ.வி. மாநாடுகளின் வரலாற்றில் இந்தியாவில் நடந்த மிக முக்கியமான சம்பவம் இதுதான். இடம் கேட்டுக் கதவைத் தட்டியவர்கள் கதவு இல்லாத இடத்தில் தாங்களே கூடிக்கொண்டார்கள்.

2022-இல் மறுபடி மான்ட்ரியல். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து வரவேண்டிய நூற்றுக்கணக்கானோருக்குக் கனடா விசா மறுத்தது அல்லது காலத்தில் தரவில்லை. ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் அமைப்பின் தலைவர் வின்னி பியான்யிமாவே ஜெனீவா விமான நிலையத்தில் கிட்டத்தட்டத் தடுத்து நிறுத்தப்பட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். தொடக்க விழாவில் பேசவிருந்த கனடா அமைச்சர் வரவில்லை. காலி நாற்காலிகள் உலகச் செய்தியாயின.

அந்த வாரம் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. மான்ட்ரியலில் மாநாடு ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 2 வரை. டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில், டொலுடெக்ராவிர் உள்ளிட்ட மருந்துகள் கையிருப்பில் இல்லை என்று தொற்றுடன் வாழ்பவர்கள் ஜூலை 21 முதல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தர்ணா ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. மாதத்துக்குரிய மருந்துக்குப் பதில் சில நாட்களுக்குரியதை எண்ணிக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் புகார்; நாட்டளவில் தட்டுப்பாடு இல்லை என்பது அரசின் பதில். மான்ட்ரியலில் விசா பேசப்பட்ட அதே நாட்களில் இங்கே பேச வேண்டியிருந்தது மாத்திரையின் எண்ணிக்கை. இரண்டையும் ஒரே கேள்வியின் இரு முனைகளாக எடுத்துப் பேசிய எழுத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சென்னையின் முன்கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்தார். சோதனை வசதி இருந்தது வேலூர் சி.எம்.சி.யில், மாதிரிகள் அங்கே கொண்டுபோகப்பட்டன. ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது. நிர்மலாவின் உழைப்பு வெகுகாலம் கவனிக்கப்படாமலே இருந்தது. பின்னாளில் பத்திரிகைகள் அவரைத் தேடிப்போய் எழுதின. அந்த ஆறு பெண்களைத் தேடிப்போக முடியாது. இந்திய எச்.ஐ.வி. வரலாற்றின் முதல் பக்கத்தில் அவர்கள் ‘மாதிரிகள்’.

1990-இல் நிலைமை இன்னும் மோசம். பம்பாயின் காமாட்டிபுராவிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்ப் பெண்கள் ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மீட்பு என்றுதான் அதற்குப் பெயர். சம்மதம் கேட்காமல் ரத்தம் சோதிக்கப்பட்டது. தொற்று இருந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்தும் காவல் இல்லங்களில் அடைத்துவைக்கப்பட்டிருந்த காலம் அது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். மான்ட்ரியல் மேடையை நோயாளிகள் கைப்பற்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கே ஒலிவாங்கி, இங்கே பூட்டு.

1994 டிசம்பர் 1 அன்று பாரிசில் 42 நாடுகள், தொற்றுடன் வாழ்பவர்களின் கூடுதல் பங்கேற்பைக் கொள்கையாக ஏற்றுக் கையெழுத்திட்டன. தமிழ்நாட்டில் அதே ஆண்டு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. தொற்றுடன் வாழ்பவர்களின் இந்திய வலையமைப்பு 1997-இலும், கௌசல்யா பெரியசாமி முன்னின்ற பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பு 1998-இலும் தோன்றின. இரண்டுக்கும் தலைமையிடம் சென்னை. முகத்தைக் காட்டிப் பேசுகிற பெண் என்பது அந்த நாளில் என்ன விலை கொடுத்துப் பெற்ற நிலை என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தெருவெல்லாம் பலகை வைத்து ஊரையே பேசவைத்தது அதன் பின்னர் வந்த காலம். விளம்பரமாக அது வெற்றிதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கும் எய்ட்ஸ் இல்லை, கேட்கப்படுபவருக்கும் இல்லை. எய்ட்ஸ் வந்துவிட்ட புள்ளிராஜா என்ன சொல்கிறான் என்று எந்தப் பலகையும் கேட்கவில்லை.

தமிழர்களுக்கு மிக அருகே நடந்த பெரிய மாநாடு 2007 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய எட்டாவது ஆசிய பசிபிக் எய்ட்ஸ் மாநாடு. பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் ஐந்து நாள். உலகெங்குமிருந்து பிரதிநிதிகள் கட்டுநாயக்கவில் இறங்கினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 7 அன்று, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களைப் போலீஸ் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பியது. தக்க காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஏ-9 சாலை அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் தொற்றுடன் வாழ்ந்த ஒருவருக்கு அந்த மண்டபம் பாங்காக்கிலிருந்து வருபவருக்கு இருந்ததைவிடத் தூரம். மாநாட்டை ‘தெற்கு’ நாடுகளுக்குக் கொண்டுவந்தால் சமவாய்ப்பு வந்துவிடும் என்ற வாதத்தை எடைபோடும்போது கொழும்பை மறக்கக் கூடாது. ஒரு நாட்டுக்குள்ளேயே விசா போன்ற ஒன்று இருக்கலாம்.

மாநாட்டால் என்ன பயன்?

இவ்வளவு செலவு செய்து கூடுவதால் யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு மாநாடு எதற்கு என்ற தொனியிலும் அது கேட்கப்படுவதுண்டு. ஆதாரங்கள் இரண்டு பக்கமும் பேசுகின்றன.

1996-இல் வான்கூவர் மாநாட்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்ற முடிவுகள் வெளியாயின. ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. நான்கு ஆண்டு கழித்து 2000-இல் டர்பனில், வளரும் நாடொன்றில் முதன்முறையாக மாநாடு கூடியது. எச்.ஐ.வி.யோடு பிறந்த பதினோரு வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன், பெரிய கோட்டுக்குள் சின்ன உடம்பாக மேடையில் நின்று பேசினான். அடுத்த ஆண்டு இறந்துபோனான். தென்னாப்பிரிக்க நீதிபதி எட்வின் கேமரன், தனக்கு மருந்து வாங்கப் பணம் இருப்பதால்தான் உயிரோடு நிற்பதாகச் சபையில் சொன்னார். வெளியே ஊர்வலம். அதுவரை ‘ஏழை நாடுகளுக்கு இந்தச் சிகிச்சை ஒத்துவராது’ என்பது நிபுணர்களின் பொதுப்புத்தியாக இருந்தது. டர்பனுக்குப் பிறகு அதை வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்பட வேண்டியதாயிற்று. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா மருந்து நிறுவனம், மூன்று மருந்தையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் முன்வந்தது. இந்திய அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியத்தில்.

வான்கூவருக்கும் தாம்பரத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டில் தாம்பரத்தின் படுக்கைகளில் நிகழ்ந்த மரணங்களை வைத்துப் பார்த்தால், அறிவியல் முடிவு மேடையேறுவதும் மனிதரைச் சேர்வதும் வேறு வேறு நிகழ்வுகள் என்பது விளங்கும். டர்பன் அந்த இடைவெளியைக் குறைத்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் குறைத்தது டர்பன் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அன்றைய இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால்தான் சிப்லாவால் அந்த விலையைச் சொல்ல முடிந்தது.

சட்டம் 2005-இல் மாறியபின் நடந்ததையும் பார்க்க வேண்டும். கிளாக்சோ நிறுவனம் காம்பிவிர் கூட்டு மாத்திரைக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டது. 2006 மார்ச்சில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வலையமைப்பும் மணிப்பூர் வலையமைப்பும் கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு தாக்கல் செய்தன. ஆகஸ்டில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நோயாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியதைவிட, மனு எழுதிக் கொடுத்தது அன்று அதிகம் சாதித்தது. சமூகப் பங்கேற்பை மாநாட்டு அரங்கில் மட்டும் தேடுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தடை எங்கே தொடங்குகிறது

ஊத்துக்கோட்டையிலிருந்து ஒருவர் உலக மாநாட்டுக்குப் போக நினைத்தால் என்ன நடக்க வேண்டும்? முதலில் மாநாடு இருப்பதே தெரிய வேண்டும். பல மாதம் முன்பே ஆங்கிலத்தில் ஆய்வுச் சுருக்கமோ உதவித்தொகை விண்ணப்பமோ இணையத்தில் நிரப்ப வேண்டும். பரிந்துரைக் கடிதம் வேண்டும். பாஸ்போர்ட் வேண்டும், ரேஷன் கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் உள்ள திருநங்கைக்கு அது தனிப் போராட்டம். போலீஸ் சரிபார்ப்புக்கு வீட்டுக்கு வரும்போது, எதற்கு வெளிநாடு என்று அக்கம்பக்கம் கேட்கும். விசாவுக்கு வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, திரும்பி வருவதற்கான ஆதாரம். ஐரோப்பாவுக்கென்றால் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. கூலி நாள்கணக்கில் வருகிற ஒருவருக்கு ‘திரும்பி வருவார் என்பதற்கான ஆதாரம்’ என்ன? பிள்ளைகள் ஊரில் படிப்பதை எந்தத் தூதரகமும் சொத்தாகக் கணக்கெடுப்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. போகிறவர் தன் தொற்றை ஒப்புக்கொண்டுதான் போக முடியும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவர் சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடக் கூடாது என்கிறது. பேணப்பட வேண்டிய உரிமை அது. ஆனால் மாநாட்டுப் பிரதிநிதித்துவம் அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது: முகம், பெயர், கழுத்தில் அட்டை, புகைப்படம். இந்தக் காலத்தில் ஜெர்மனியின் முனிச்சில் மாநாட்டு அரங்கில் எடுத்த படம் அன்றிரவே ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சீத்தஞ்சேரியில் ஒரு கைப்பேசிக்கு வந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அதன் விளைவு என்ன என்பதை அறிந்துதான் பலர் விண்ணப்பத்தையே தொடுவதில்லை. பெயர் வெளியிடாமல் பங்கேற்க வழி இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை விசா பற்றிய முழக்கங்கள் மூழ்கடித்துவிடுகின்றன.

எல்லை என்றால் என்ன என்பது இப்பக்கத்து மக்களுக்குப் புதிதில்லை. வளைகுடா வேலைக்குப் புறப்பட்டவர்கள் ‘மெடிக்கல்’ என்ற சோதனையில்தான் தங்கள் தொற்றை முதலில் அறிந்த கதைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. ‘அன்ஃபிட்’ என்று ஒரு சொல் மட்டும் வரும், ஆலோசனை வராது. வேலை போனதோடு, ஏன் போகவில்லை என்று ஊருக்குப் பதில் சொல்ல ஒரு பொய்யும் தேட வேண்டும். விமானம் என்ற சொல் அவர்களுக்கு எதை நினைவூட்டும் என்பதை உதவித்தொகை விளம்பரம் எழுதுபவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

மொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊத்துக்கோட்டை ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையில் இருக்கிறது. கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட் இங்கேதான். சத்தியவேடும் நாகலாபுரமும் கூப்பிடு தூரம்; பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். சுற்றுவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாக்காரர்கள், அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் இருளர்கள், கும்மிடிப்பூண்டியில் பீகார், அசாம் தொழிலாளர்கள். தேசிய நெடுஞ்சாலை 16-இல் கொல்கத்தா வரை போகும் லாரிகள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆலோசகர் தமிழில் எழுதிய துண்டறிக்கையை நீட்டும்போதே அங்கே பாதிப் பேருக்கு அது எட்டுவதில்லை. சென்னையில் மூன்று நட்சத்திர ஓட்டலில் நடக்கும் மாநிலக் கலந்தாய்வில் பவர்பாயின்ட் ஆங்கிலத்தில் ஓடுகிறது. உலக மாநாட்டின் எல்லாச் சமவாய்ப்புச் சிக்கல்களையும் சிறு அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஜெனீவா போக வேண்டாம், எழும்பூர் போதும்.

யார் பிரதிநிதி?

இந்தப் பகுதியை எழுதத் தயங்கினேன். களத்தில் உழைப்பவர்களைக் குறைகூறுவதாக ஆகிவிடும். ஆனாலும் சொல்ல வேண்டும். உதவித்தொகைக்குத் தேர்வாக ஆங்கிலம், அனுபவம், முன்பு பயணம் செய்த பாஸ்போர்ட் எல்லாம் துணை செய்கின்றன. ஒருமுறை போனவருக்கு அடுத்தமுறை விசா எளிது. ஆகவே சில பேர் மீண்டும் மீண்டும் போகிறார்கள். அவர்கள் திறமையானவர்கள், பலர் தங்கள் குடும்பத்தையும் மானத்தையும் பணயம் வைத்து அந்த இடத்துக்கு வந்தவர்கள். குறை அவர்களிடம் இல்லை. ஊரில் யாரும் அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை என்பதும், திரும்பி வந்து யாருக்கும் கணக்குச் சொல்லும் கட்டாயம் இல்லை என்பதும்தான் குறை. பஞ்சாயத்துக் கிளார்க்கின் பயணப்படிக்கு இருக்கும் தணிக்கைகூட இதற்கு இல்லை.

சிலர் வாதிடுவதுண்டு: பிரதிநிதி என்பவர் வாக்கு வாங்கியவராக இருக்கத் தேவையில்லை, அதே வாழ்வை வாழ்பவராக இருந்தால் போதும் என்று. பாதி உண்மை. தொற்று ஒன்றாக இருக்கலாம்; சாதியும் கூலியும் மொழியும் ஒன்றில்லை. சென்னையில் அலுவலகப் பணியாற்றும் ஒருவரும் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் ஓர் இருளப் பெண்ணும் ஒரே வைரஸைச் சுமந்தாலும் கேட்கும் கேள்விகள் வேறு. ‘சமூகம்’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. கொரோனாவால் 2020 மாநாடு இணையவழி நடந்தபோது இனி விசா தேவையில்லை என்று மகிழ்ந்தவர்களும் இதைத்தான் மறந்தார்கள். இரவு பதினோரு மணிக்கு, ஒரே அறை வீட்டில், மாமியார் பக்கத்தில் படுத்திருக்க, எச்.ஐ.வி. என்று எழுதிய திரையை யார் திறந்து வைப்பது?

திரும்பும் பாதை

2024 ஜூலையில் முனிச் மாநாட்டில், தொற்று வராமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசியின் பரிசோதனை முடிவுகள் வந்தன. ஆண்டுக்கு இரண்டு ஊசி. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் அந்த மருந்தின் அன்றைய விலை ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் இருந்தது. பெருமளவில் தயாரித்தால் 40 டாலருக்குத் தரமுடியும் என்ற கணக்கும் அதே மாநாட்டில் வைக்கப்பட்டது. ஆர்வலர்கள் அரங்கிலேயே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அக்டோபரில் அந்த ஊசியை உருவாக்கிய கிலியட் நிறுவனம் ஆறு கம்பெனிகளுக்கு, 120 நாடுகளில் விற்க உரிமம் கொடுத்தது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீசும் ஹெட்டெரோவும் அந்த ஆறில் உண்டு. இதே ஊசியின் இன்னொரு பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்த பிரேசிலும் அர்ஜென்டினாவும் அந்த 120-இல் இல்லை.

ஊத்துக்கோட்டையிலிருந்து ஹைதராபாத் ஓர் இரவுப் பயணம். அந்த ஊசி எப்போது, யாருக்கு, எந்த முன்னுரிமையில் தரப்படும் என்ற முடிவு வரும் ஆண்டுகளில் எடுக்கப்படும். லாரி ஓட்டுநரின் மனைவிக்கா, பாலியல் தொழிலாளிக்கா, திருநங்கைக்கா, சூளைத் தொழிலாளிக்கா? ஐந்தாம் கட்ட தேசிய எய்ட்ஸ் திட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை 15,471 கோடி ரூபாய் ஒதுக்கியது மத்திய அரசின் சொந்தப் பணம். 2025-இல் அமெரிக்க உதவி நின்று ஆப்பிரிக்க மருந்தகங்கள் தடுமாறியபோது இந்தியா பெரிதாக ஆட்டம் காணாததற்கு இதுவே காரணம். பணம் நம்முடையது என்றால் கேள்வி கேட்கும் இடமும் நம்முடையதாக வேண்டும்.

எனவே கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறேன். உலக மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்பு ஒவ்வொரு கூட்டு மருந்து மையத்திலும், மருந்து வாங்க வரும் நாளிலேயே, ஒரு மணி நேரம் கேள்விகளைப் பெயரில்லாமல் எழுதி வாங்கலாம். எழுத முடியாதவருக்கு ஆலோசகர் எழுதலாம். தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் வரட்டும். போகிறவர் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போகட்டும். திரும்பிய மாதத்தில் அதே மையத்தின் மருந்து ஜன்னல் அருகே நின்று, என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, எதற்குப் பதில் வரவில்லை என்று சொல்லட்டும். அன்று வருபவர்களுக்குப் போன கூலியை மாநாட்டு நிதியிலிருந்து கொடுக்கலாம்; ஒரு விமான டிக்கெட்டின் விலையில் ஒரு தாலுக்காவின் அன்றைய கூலி அடங்கும்.

விசா மறுப்பைக் கண்டித்து அறிக்கை விடும் அமைப்புகள், தங்கள் பிரதிநிதியை எந்த ஊரில், யார் கூடி, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் அதே அறிக்கையில் எழுத வேண்டும்.